சாட்சிக் கூண்டில் இடமற்றோர்: செரோக்கி மக்களும் எல்லைப்புற நீதியும்

1785ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், தென் கரோலினாவின் ஹோப்வெல் என்னுமிடத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிரதிநிதிகளும் செரோக்கி மக்களின் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அமெரிக்கக் குடிமகன் ஒருவன் ஒரு செரோக்கியரைக் கொன்றாலோ கொள்ளையிட்டாலோ, தன் நாட்டவருக்கு எதிராக அக்குற்றத்தைச் செய்திருந்தால் எத்தண்டனை பெறுவானோ அதையே பெறுவான் என்று அதில் எழுதப்பட்டது. செரோக்கியர் விரும்பினால் அவர்கள் கண்முன்னே அத்தண்டனை நிறைவேற்றப்படும். பழிக்குப்பழி என்ற பெயரில் குற்றமற்றவரைத் தண்டிப்பது அநீதி என்பதையும் இரு தரப்பும் ஏற்றன.

செரோக்கியர் ஏழு குலத்தினர். ஒருவர் கொல்லப்பட்டால் அவருடைய குலத்தார் அந்த இரத்தத்தை ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர்களின் மரபு. இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கோத்திரங்களின் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. அத்தகைய சமூகத்திடம் பழிவாங்கலை விட்டுவிடுமாறு கேட்பவர்கள், அதற்கு ஈடாக நீதியைத் தர வேண்டும். அந்த நீதி வந்ததா என்பதே நம் வினா.

ஹோப்வெல்லில் ஒப்பமிட்டோருள் கார்ன் டாசல் என்னும் முதிய தலைவரும் ஒருவர். அமைதியை வற்புறுத்தி வந்தவர். மூன்றாண்டுகளுக்குப் பின், 1788ஆம் ஆண்டின் கோடையில், கிர்க் என்ற குடியேறியின் குடும்பத்தினர் பதினொருவரைச் செரோக்கியர் சிலர் கொன்றனர். அது கொடிய குற்றமே. ஆனால் அதற்குப் பழியாகக் கொல்லப்பட்டவர் அக்குற்றத்தில் தொடர்பற்ற கார்ன் டாசல். ஜான் செவியரின் படையினர் வெள்ளைக்கொடியின் கீழ் அவரையும் வேறு சில தலைவர்களையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்து வந்தனர். செவியர் அங்கில்லாத வேளையில், கிர்க் குடும்பத்தில் எஞ்சிய மகன் கோடரியால் அவர்களை வெட்டிச் சாய்த்தான். இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பின்னர் செவியர் கைதானபோதும், அவர்மீது சுமத்தப்பட்டது வட கரோலினா மாநிலத்துக்கு எதிரான துரோகக் குற்றமேயன்றி இக்கொலை அன்று. 1796இல் அவரே டென்னசி மாநிலத்தின் முதல் ஆளுநரானார்.

1791இல் ஹோல்ஸ்டன் உடன்படிக்கையிலும் அதே வாக்குறுதி மீண்டும் எழுதப்பட்டது. 1793 ஜூன் 12 அன்று, அரசின் அழைப்பை ஏற்று ஹேங்கிங் மா என்னும் தலைவரின் இல்லத்தில் செரோக்கியர் கூடியிருந்தனர். அரசின் தூதர்களும் அங்கிருந்தனர். அந்நிலையில், ஆற்றைக் கடக்கக் கூடாது என்ற ஆணையை மீறி வந்த கேப்டன் ஜான் பேர்டின் படை அவர்கள்மீது சுட்டது. பலர் மாண்டனர், தலைவரின் மனைவியும் காயமுற்றார். பேர்டு இராணுவ விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டார். அவரைச் சட்டத்தால் தண்டிப்பது இப்போதைக்கு இயலாத காரியம் என்று பொறுப்பு ஆளுநர் டேனியல் ஸ்மித் மேலிடத்துக்கு எழுதினார். அவ்வாண்டு செப்டம்பரில் செரோக்கியரும் அவர்களின் நேச அணியினரும் கேவெட் குடியிருப்பைத் தாக்கி, சரணடைந்த பதின்மூவரைக் கொன்றனர். நீதிமன்றம் கைவிட்ட வழக்கைக் கோடரி கையில் எடுத்தது. இம்முறையும் பலியானோர் குற்றமற்றவர்களே.

தலைநகரில் இருந்தோர் இதை அறியாதவர்கள் அல்லர். பூர்வகுடிகளைக் கொல்வோர் தண்டிக்கப்படாதவரை, பழிவாங்கலைத் தடுக்க அரசு எடுக்கும் எம்முயற்சியும் பயனற்றது என்று 1795 டிசம்பரில் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் நாடாளுமன்றத்திடம் கூறினார். மறு ஆண்டே, பூர்வகுடி நிலத்தில் பூர்வகுடி ஒருவரைக் கொலை செய்வோருக்கு மரண தண்டனை என்று சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் வழக்கைத் தீர்மானித்த ஜூரிகள் குற்றவாளியின் அண்டை வீட்டார். பலர் அவனோடு படையில் நின்றவர்கள். வெள்ளையருக்கு எதிராகப் பூர்வகுடியின் சாட்சியத்தை அம்மாநில நீதிமன்றங்கள் ஏற்கவுமில்லை. கொலையைக் கண்டவர் செரோக்கியராக இருந்தால், சட்டத்தின் பார்வையில் அதை எவரும் காணவில்லை!

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு வேறொரு வழி கண்டது. கொல்லப்பட்டவரின் உறவினருக்குச் சில நூறு டாலர் கொடுத்து அமைதிப்படுத்தும் பொறுப்பு, செரோக்கியருக்கான அரசு முகவர் ரிட்டர்ன் மெய்க்ஸிடம் தரப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நம் ஷரீஅத்தின் தியத்தைப் போலத் தோன்றலாம். ஆனால் கொலைக் குற்றத்தில் தியத் என்பது, குற்றம் உறுதியான பின், தண்டனையைக் கோரும் உரிமை தம் கையில் இருக்கும்போது, வாரிசுகள் மனமுவந்து மன்னித்து ஏற்பது. தண்டனை கோரும் வழியே அடைக்கப்பட்டோருக்கு நீட்டப்படும் பணம் தியத் ஆகாது. அது மௌனத்தின் விலை.

செரோக்கியர் தம் பக்கத்து வாக்கைக் காக்க முயன்றனர். 1810இல் குலப்பழி வழக்கத்தைத் தாமே நீக்கினர். 1822இல் உச்ச நீதிமன்றமும் 1827இல் எழுத்து வடிவ அரசியலமைப்பும் கண்டனர். அதற்கு விடையாக 1829இல் ஜார்ஜியா மாநிலம், வெள்ளையர் தரப்பினராக உள்ள வழக்குகளில் பூர்வகுடிகள் சாட்சி சொல்ல முடியாது என்று சட்டமே இயற்றியது. செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பயனில்லை. 1838இல் அம்மக்கள் துப்பாக்கி முனையில் மேற்கே துரத்தப்பட்டனர். அப்பயணத்தில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. சாட்சிக் கூண்டில் இடமற்றோருக்கு இறுதியில் மண்ணிலும் இடமில்லாமற் போயிற்று.

இங்கே மதீனாவில் நிகழ்ந்த ஒரு வழக்கை நினைவுகூர்வோம். அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்களுக்கு விரிவுரையாளர் பலர் இதையே பின்னணியாகக் கூறுவர். முஸ்லிம் என்று அறியப்பட்ட ஒருவன் கவசம் ஒன்றைத் திருடி, பழியை ஒரு யூதர்மீது சுமத்தினான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து அவனுக்காக நபி (ஸல்) அவர்களிடம் வாதாடினர். அண்டை வீட்டார் ஜூரியாக அமர்ந்த அதே நிலைமைதான். ஆனால் இறைவசனங்கள் அந்த யூதரின் பக்கம் இறங்கின. மோசடிக்காரருக்காக வாதாடலாகாது என்று அவை கட்டளையிட்டன. நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் சாட்சியத்தில் நிலைத்து நிற்குமாறு அதே அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது.

முஸ்லிம் ஆட்சியாளர் அனைவரும் இந்த அளவுகோலைக் காத்தனர் என்று நாம் பெருமை பேச முடியாது. ஆனால் நாம் அளக்கப்படுவது இந்த அளவுகோலால்தான். நம் ஜமாஅத்தில் ஒருவர்மீது வெளியூர்த் தொழிலாளியோ பிற சமயத்தவரோ முறையிட வரும்போது, நாம் முதலில் கேட்பது என்ன நடந்தது என்பதையா, அல்லது அவர் யாருடைய ஆள் என்பதையா? ஹோப்வெல் உடன்படிக்கையின் வாசகங்களில் நீதி இருந்தது. தம்மவருக்கு எதிராக எழுந்து நின்று அதை நிறைவேற்றும் நெஞ்சுரம்தான் அங்கு இல்லாமற்போனது.

நம்மவருக்கு எதிராயினும் உண்மைக்குச் சாட்சி சொல்லும் கூட்டத்தில் அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக, ஆமீன்.