கண் காண்கிறதா, மூளை காண்கிறதா?

புதியதோர் ஊருக்குக் குடிபெயர்ந்து வந்த முதல் நாளை நாம் சற்றே நினைவுகூர்வோம். ஹௌரா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி வீதிக்கு வருகிறோம். கடைதோறும் பெயர்ப்பலகைகள். அவற்றிலுள்ள வங்க எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வளைவும் நம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஆயினும் அவை நமக்கு வெறும் கோலங்கள். ஓராண்டு கழிகிறது. அதே வீதி வழியே செல்லுகையில், அதே பலகை ‘இது மருந்துக் கடை’ என்று தானாகவே நமக்குச் சொல்லிவிடுகிறது. பலகை மாறவில்லை; நம் கண்ணும் மாறவில்லை. மாறியது எது?

இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்ட அறிஞர்களின் வரலாறு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது. அயர்லாந்தில் டப்ளின் நகரில் தொடங்கி, ஜப்பானியப் போர்வீரர்களின் காயங்கள் வழியே சென்று, நம் தலைநகராகிய தில்லியில் ஒரு கண் மருத்துவமனை வரை அது வந்து சேர்ந்திருக்கிறது.

1688ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து அறிஞர் வில்லியம் மாலினியூ, தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வியை எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் இருக்கிறார். உருண்டை இன்னது, கனசதுரம் இன்னது என்று கையால் தொட்டுப் பிரித்தறியப் பழகியிருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமலே, பார்த்த மாத்திரத்தில் உருண்டை எது, கனசதுரம் எது என்று சொல்லுவாரா? மாலினியூவின் மனைவி மணமான சிறிது காலத்துக்குள்ளேயே பார்வை இழந்தவர். ஆதலின் இக்கேள்வி அவருக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்திராது என்று நாம் கருதலாம். ‘சொல்ல முடியாது’ என்பதே அவருடைய விடை. லாக்கும் அதனை ஒப்புக்கொண்டு, 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் கேள்வியையும் விடையையும் சேர்த்தார்.

தத்துவஞானிகள் வாதிட்டுக்கொண்டிருக்கையில் மருத்துவர் ஒருவர் சான்று ஒன்றை முன்வைத்தார். இலண்டன் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் செஸல்டன், சிறு பிராயத்திலேயே கண்புரையால் பார்வை மறைக்கப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்து, அவன் கதையை 1728இல் வெளியிட்டார். பார்வை பெற்ற அச்சிறுவன், காணும் பொருளெல்லாம் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே எண்ணினான். வீட்டிலிருந்த நாய் எது, பூனை எது என்று பார்வையால் அவனுக்குப் புலப்படவில்லை. கேட்க வெட்கப்பட்டு, பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, பிறகு அதனை உற்று நோக்கி, இனிமேல் உன்னை அறிந்துகொள்வேன் என்று அதனிடமே கூறினானாம். கண் திறந்துவிட்டது; ஆனால் காட்சி கைவரவில்லை.

அப்படியானால் காட்சி எங்கே உருவாகிறது? நம் மூளையின் மேற்பரப்பில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு படலம் மடிப்பு மடிப்பாகப் போர்த்தியிருக்கிறது. அதற்குக் கார்டெக்ஸ் என்று பெயர். இலத்தீன் மொழியில் மரப்பட்டை என்பது அதன் பொருள். தமிழில் மூளைப் புறணி என்கிறோம். 1776இல் இத்தாலியின் பார்மா நகரில் பிரான்செஸ்கோ ஜெனாரி என்ற மருத்துவ மாணவர், உறையவைத்த மூளையொன்றை அறுத்து நோக்கியபோது, பிடரிப் பக்கத்துப் புறணியில் மட்டும் ஒரு மெல்லிய வெண்கோடு தெளிவாக ஓடுவதைக் கண்டார். அக்கோடு எதற்காக என்பது அவருக்கு விளங்கவில்லை. பார்வை வந்து சேரும் இடத்தின் அடையாளம் அது என்பது நூறாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. 1855இல் பனீட்சா என்ற இத்தாலியர், மூளையின் பின்பகுதி கெட்டால் பார்வை கெடும் என்று காட்டினார். அக்காலத்து அறிஞர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஜெர்மனியில் ஹெர்மன் முங்க் விலங்குகளிடம் நடத்திய சோதனைகளால் அவ்வுண்மையை நிலைநாட்டினார்.

பார்வையின் இடம் தெரிந்தது. அவ்விடத்தின் வரைபடம் தெரியவில்லை. அதனை அளித்தது போர். 1904இலும் 1905இலும் ருஷ்யாவும் ஜப்பானும் பொருதன. ருஷ்யத் துப்பாக்கியின் குண்டு சிறியது, விரைவு மிக்கது. அது மண்டையோட்டில் நுழைந்து மறுபுறம் வெளியேறிய பின்னும் சில வீரர்கள் உயிர் பிழைத்தனர். அவ்வாறு பிழைத்தவர்களின் பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ற ஓய்வூதியத்துக்குப் பரிந்துரைக்கும் பணி, தத்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவரிடம் வந்தது. அலுவலகக் கடமை என்று அளந்து எழுதிவிட்டு அவர் நின்றுவிடவில்லை. குண்டு நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் ஒரு கருவியால் அளந்து, மூளையினுள் அது சென்ற பாதையைக் கணக்கிட்டார். ஒவ்வொருவருக்கும் பார்வையில் எப்பகுதி இருண்டிருக்கிறது என்பதையும் குறித்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது புறணியின் வரைபடம் துலங்கிற்று. 1909இல் அவர் ஆராய்ச்சி ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த கார்டன் ஹோம்ஸ் போன்றோர் இதனை மேலும் செம்மைப்படுத்தினர்.

அவ்வரைபடம் வியப்புக்குரியது. நமக்கு இடப்புறம் தெரிவது மூளையின் வலப்பாதிக்குச் செல்கிறது; வலப்புறம் தெரிவது இடப்பாதிக்குச் செல்கிறது. மேலே தெரிவது கீழேயும், கீழே தெரிவது மேலேயும் பதிகின்றன. எல்லாவற்றுக்கும் சம இடம் கிடைப்பதுமில்லை. நாம் உற்று நோக்கும் நடுப்புள்ளியின் சிறு வட்டத்துக்குப் புறணியில் மிகப் பரந்த நிலம். ஓரப் பார்வைக்கோ குறுகிய நிலமே. தொடு உணர்ச்சியிலும் இதே நியதியைக் காண்கிறோம். கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மருத்துவர் 1937இல் வெளியிட்ட வரைபடத்தில், முதுகு முழுவதற்கும் உள்ள இடத்தைவிட உதடுகளுக்கும் விரல்களுக்கும் உள்ள இடம் பெரிது. உடலின் அளவு அங்கே செல்லாது. வேலையின் நுட்பமே செல்லும்.

இனி, அந்த நிலத்தில் நடக்கும் வேலை யாது? 1958இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஸ்டீபன் குஃப்ளரின் ஆராய்ச்சிக்கூடத்தில், டேவிட் ஹ்யூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இளைஞர் இருவர் சேர்ந்தனர். மயக்கமுற்ற பூனையின் புறணியில் மயிரினும் மெல்லிய உலோக முனையைச் செலுத்தி, ஒரே ஒரு நரம்பணுவின் மின்துடிப்பை ஒலிபெருக்கி வழியே கேட்டனர். பூனையின் கண்ணெதிரே ஒளிப்புள்ளிகளைக் காட்டினர். கரும்புள்ளி இட்ட கண்ணாடித் தகட்டையும் காட்டினர். மணிக்கணக்காகியும் அணு வாய் திறக்கவில்லை. ஒரு சமயம் தகட்டைக் கருவியினுள் நுழைக்கும்போது ஒலிபெருக்கி படபடவென்று முழங்கிற்று. இருவரும் திகைத்தனர். அணுவை எழுப்பியது கரும்புள்ளியன்று. தகட்டின் ஓரத்து மெல்லிய நிழல் ஒரு சாய்வில் திரை மீது நகர்ந்ததே அதனை எழுப்பிற்று!

அந்தத் தற்செயல் ஒரு பெரும் இரகசியத்தைத் திறந்தது. புறணியின் ஒவ்வோர் அணுவும் தனக்கென ஒரு வேலையை ஏற்றிருக்கிறது. நிமிர்ந்த கோட்டுக்கு ஓர் அணு. படுத்த கோட்டுக்கு வேறோர் அணு. சாய்ந்து நகரும் விளிம்புக்கு மற்றோர் அணு. ஒரே சாய்வை விரும்பும் அணுக்கள் மேலிருந்து கீழாக ஒரே தூணில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த தூணில் சாய்வு சிறிது மாறுகிறது. தொடு உணர்ச்சிக்கான புறணியிலும் இத்தகைய தூண்கள் உண்டு என்பதை வெர்னன் மவுண்ட்காசில் 1957இலேயே காட்டியிருந்தார். ஆக, கண் அனுப்பிய படத்தைப் புறணி அப்படியே சுவரில் மாட்டிக்கொள்வதில்லை. கோடு, விளிம்பு, அசைவு என்று முதலில் பிரிக்கிறது. அதற்கப்பாலுள்ள பகுதிகள் அவற்றைக் கூட்டி, முகம் என்றும் மரம் என்றும் பொருள் காண்கின்றன. இக்கண்டுபிடிப்புகளுக்காக அவ்விருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது; ரோஜர் ஸ்பெர்ரியும் அப்பரிசில் பங்கு பெற்றார்.

இவ்விருவரும் செய்த மற்றொரு சோதனைதான் நம் குழந்தைகளைத் தொடுகிறது. 1963இல் அதனை வெளியிட்டனர். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைச் சில மாதங்கள் தைத்து மூடிவைத்துப் பின்னர் திறந்தனர். விழித்திரையில் பழுதில்லை. ஆயினும் புறணியில் அக்கண்ணுக்குச் செவிசாய்க்கும் அணு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மற்றக் கண் நிலத்தையெல்லாம் கைப்பற்றிக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறு மூடியபோது இக்கேடு நேரவில்லை. வாயில்லா உயிருக்கு இழைத்த துன்பத்தை எண்ணி நம் மனம் கூசுவது இயல்பே. ஆயினும் அதனால் விளைந்த அறிவு எத்தனையோ குழந்தைகளின் பார்வையைக் காத்தது என்பதையும் நாம் மறத்தற்கில்லை. பிறவிக் கண்புரையைக் குழந்தை வளரட்டும் என்று காத்திராமல் முதல் சில வாரங்களிலேயே நீக்கவேண்டும் என்னும் இன்றைய மருத்துவ நெறிக்கு இவ்வறிவே பெருந்துணையாயிற்று.

செவிக்கும் இத்தகைய பருவம் உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இந்தி மொழியின் ‘த’, ‘ட’ ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒலித்துக் காட்டினர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதமானவற்றுள் பெரும்பாலானவை உணரவில்லை. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ அவ்வேறுபாட்டை இழக்கவில்லை. வெளி மாநிலத்தில் வாழும் நாம், தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் தமிழில் பேசுவதும் வீண்பேச்சன்று என்பதை இதனால் அறிகிறோம்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. வளையாது என்றே அறிவியலும் தீர்ப்பளித்துவிட்டதுபோல் தோன்றுகிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்த சிலரைச் சோதித்து 1992இல் ஒரு செய்தியை அறிவித்தார். அவர்களுடைய கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையைத் தொட்டது போன்ற உணர்ச்சி எழுந்தது. புறணியில் கையின் நிலத்துக்கு அண்டை நிலம் முகத்துடையது. வெறுமையான நிலத்துள் அண்டை வீட்டார் வந்துவிட்டனர் என்று அவர் விளக்கினார். அவ்விளக்கத்தின் நுட்பங்களைப் பற்றி அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். எனினும், வளர்ந்தவர் மூளையும் கல்லில் செதுக்கியதன்று என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

இறுதியாகத் தில்லிக்கு வருவோம். அந்நகரைச் சேர்ந்தவரும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியருமான பவன் சின்ஹா, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ‘பிரகாஷ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிறவிக் கண்புரையோடு, வறுமையாலும் அறியாமையாலும் சிகிச்சையின்றியே வளர்ந்துவிட்ட பிள்ளைகளைக் கிராமங்களில் தேடிக் கண்டு, தில்லியில் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கச் செய்தார். மாலினியூவின் கேள்விக்கு அங்கேதான் நேரடி விடை கிடைத்தது. 2011இல் வெளியான ஆய்வில், எட்டு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட ஐவர், பார்வை பெற்ற இரண்டு நாட்களுக்குள் சோதிக்கப்பட்டனர். கையால் தொட்டறிந்த உருவம் எது என்பதைக் கண்ணால் தேர்ந்தெடுக்க அவர்களால் இயலவில்லை; குருட்டடியாகச் சொல்வதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. டப்ளின் அறிஞரின் விடை 323 ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

அதைவிடப் பெரிய செய்தி பின்னே வந்தது. மறுபடி சோதிக்கக் கிடைத்த பிள்ளைகள் சில நாட்களிலும் வாரங்களிலுமே அத்திறனில் வெகுவாக முன்னேறியிருந்தனர். இத்திட்டத்தின் வேறு ஆய்வுகளும் இத்தகைய முன்னேற்றத்தைக் காட்டின. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் உருவங்கள் தொடக்கத்தில் துண்டு துண்டாகவே தெரிந்தன. உருவம் அசைந்தால், சேர்ந்து அசையும் துண்டுகள் ஒரே பொருள் என்று புரிந்தது. அசைவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மெல்ல மெல்லக் காணக் கற்றனர். நுண்ணிய கூர்மையான பார்வை அவர்களுக்கு முழுமையாகத் திரும்பவில்லை; காலம் எடுத்துக்கொண்டதைக் காலம் முற்றும் திருப்பித் தரவில்லை. எனினும், எட்டு வயதுக்கு மேல் சிகிச்சையால் பயனில்லை என்று கைவிடப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகள், வீட்டாரின் முகத்தைக் கண்ணால் அறிந்தனர்.

ஆகவே முன்னோரின் கேள்விக்கு நாம் இப்போது சற்றுத் திருத்தமாக விடை கூறலாம். ஐந்தில் எளிதாக வளைவது ஐம்பதில் அரிதாக வளையும், ஓரளவேனும் வளையும். முற்பாதியை நம்பி நாம் விரைய வேண்டும்: குழந்தையின் கண்மணியில் வெண்மை தென்பட்டாலும், ஒரு கண் விலகி நோக்கினாலும், நாளை பார்ப்போம் என்னாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். பிற்பாதியை நம்பி நாம் மனந்தளராதிருக்கவேண்டும்: காலம் கடந்துவிட்டது என்று எந்தப் பிள்ளையையும் இருளில் விட்டுவிடலாகாது.

ஹௌரா வீதியின் பெயர்ப்பலகை நமக்குப் பொருள் தந்தது எப்படி என்று தொடக்கத்தில் கேட்டோம். பிடரிக்குப் பின்னே, மரப்பட்டை போன்ற அந்த மெல்லிய படலத்திலிருந்து தொடங்கி, மூளை நாம் அறியாமலே பாடம் படித்துக்கொண்டிருந்தது. கண் வாசல் மட்டுமே. வாசல் திறந்த பின், வீட்டுக்குள் விளக்கேற்றுவது மூளையின் உழைப்பு.