கிழங்கும் குளிரும்: ஒரு பழைய கணக்கு



சென்ற பொங்கலுக்கு நம் சங்கத்தின் சார்பில் இரண்டு மூட்டை சர்க்கரைவள்ளிக்கிழங்கு மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். மூட்டை விலை என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பத்து நாள் கழித்து வாட்ஸ்அப் குழுவில் புகார் மேல் புகார். எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டை போல இருக்கிறது என்றார் ஒருவர். உள்ளே கறுத்துவிட்டது என்றார் இன்னொருவர். வாங்கிக் கொடுத்தவன் நான். மண்டிக்காரருக்குப் போன் செய்து, பழைய சரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சத்தம் போட்டேன். அவர், "எங்கே சார் வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். நம் கொள்முதல் பட்டியலிலிருந்து அவர் பெயரும் போயிற்று.

அந்தக் கேள்வி மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பதில் தேடிப் புத்தகங்களைப் புரட்டியதில், சுமார் 700 ஆண்டுகள் பின்னால், நியூசிலாந்தில் போய் நின்றேன்.

சர்க்கரைவள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. ஆனால் கொலம்பஸ் 1492-இல் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது பசிபிக் தீவுகளுக்கு வந்துவிட்டது. குக் தீவுகளில் ஒன்றான மங்காயாவில் அகழ்வாய்வில் கிடைத்த கரிந்த கிழங்குத் துண்டுகள் அதற்குச் சாட்சி. மனிதர் கொண்டுவந்தார்களா, கடலில் மிதந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் இதற்குக் 'குமர்' என்று ஒரு பெயர் உண்டு. மாவோரி மக்கள் 'கூமரா' என்கிறார்கள். நம் குமரனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

மாவோரிகளின் முன்னோர் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் படகுகளில் நியூசிலாந்துக்கு வந்தபோது, தீவுகளிலிருந்து பல பயிர்களைக் கொண்டுவந்தார்கள். வாழையும் தென்னையும் அந்தக் குளிரில் நிலைக்கவில்லை. நிலைத்த சிலவற்றில் முக்கியமானது கூமரா. ஆனால் அதற்கும் ஒரு சிக்கல் இருந்தது.

நம் ஊரில் கொடியை வெட்டி நட்டால் போதும். ஒரு வயலில் அறுவடை முடிந்தாலும் பக்கத்து வயலில் கொடி இருக்கும். வெப்பத் தீவுகளிலும் அப்படித்தான். நியூசிலாந்தில் உறைபனி விழுந்தால் கொடி கருகிவிடும். அங்கே மார்ச், ஏப்ரலில் கிழங்கைத் தோண்டி, குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றி, அக்டோபர், நவம்பரில் அதே கிழங்கிலிருந்துதான் மறுபடி நட வேண்டும். சேமிப்பு அழுகினால் அந்தக் குளிர்காலத்துக்குச் சாப்பாடு குறையும். விதைக்கிழங்கும் சேர்ந்து அழுகினால் அடுத்த ஆண்டு விளைச்சலே இல்லை. வங்கியில் இருந்தவன் மொழியில் சொன்னால், வட்டியும் முதலும் ஒரே பெட்டியில் இருந்தன.

அவர்கள் கண்ட வழி, 'ருவா' என்னும் குழி. தண்ணீர் தேங்காத மேட்டிலும் சரிவிலும் நீள்சதுரமாகத் தோண்டி, சுற்றிலும் மண்ணை வரப்பு போல உயர்த்தி, மேலே கூரை வேய்ந்து மண்ணால் மூடினார்கள். மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். உள்ளே போக ஒரு சிறிய வாசல்தான். அதையும் இறுக அடைத்துவைத்தார்கள். வெளியே உறைபனி கொட்டினாலும் மண்ணுக்குள் வெப்பம் அவ்வளவாக மாறாது. காற்றின் ஈரப்பதமும் அப்படியே இருக்கும்.

குழிக்குள் போவதற்கு முன் கிழங்குகளைத் தரம் பிரிப்பார்கள். மண்வெட்டி பட்டது, தோல் உரிந்தது எல்லாம் தனியே. முதலில் சாப்பிடுவது அவைதான். காயம் படாதது மட்டுமே குழிக்குள் போகும். கூமராவுக்கு அவர்களிடம் ஒரு தெய்வமும் உண்டு, ரோங்கோ என்று பெயர். சேமிப்புக் குழிகளுக்குத் 'தபு' என்னும் புனிதக் கட்டுப்பாடு இருந்தது. நினைத்தவர் நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. மலை உச்சியில் கட்டிய 'பா' என்னும் அரண்களுக்குள்ளும் இக்குழிகள் வரிசையாகக் கிடைக்கின்றன. எதிரி வந்தால் எதைக் காக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெற்குத் தீவில், கூமரா விளைய வாய்ப்பே இல்லாத குளிர்ப் பகுதி என்று கருதப்பட்ட புராகவுநுய் என்ற இடத்தில்கூட 15-ஆம் நூற்றாண்டுக் குழிகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தென் மாநில விவசாயிகளும் இதே கணக்கைப் போட்டார்கள். வைக்கோலும் சோளத்தட்டையும் அடுக்கி, நடுவே கிழங்கைக் குவித்து, மேலே மண் போட்டு மூடுவார்கள். அந்த மண்மேட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பேங்க்'! முப்பது வருடத்துக்கு மேல் பேங்கில் வேலை பார்த்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. கறுப்பின வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், சர்க்கரைவள்ளியைக் கெடாமல் காப்பது எப்படி என்று ஏழை விவசாயிகளுக்காக ஒரு கையேடே எழுதினார்.

இன்றைய அறிவியல் இவற்றையெல்லாம் எண்களில் சொல்கிறது. தோண்டிய கிழங்கைச் சுமார் 30 டிகிரி வெப்பத்தில், நல்ல ஈரப்பதத்தில், ஒரு வாரம் போல வைத்தால் காயங்கள் ஆறித் தோல் கெட்டிப்படும். பிறகு 13 முதல் 16 டிகிரியில் வைத்தால் பல மாதம் தாங்கும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே உள்ளே கேடு தொடங்கிவிடும். சதை கறுக்கும், அழுகும், வேகவைத்தாலும் நடுப்பகுதி மெத்தென்று ஆகாது.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஃபிரிட்ஜுக்குள் வெப்பம் சுமார் 4 டிகிரி. மாவோரிகள் எந்தக் குளிருக்குப் பயந்து குழி வெட்டினார்களோ, அந்தக் குளிருக்குள் நாமே கிழங்கைக் கொண்டுபோய் வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சமைக்கலாம் என்று காய்கறித் தட்டில் அடுக்கியவர்களில் நானும் ஒருவன். பக்கத்து பிளாக்கில் பிரம்புக்கூடையில் போட்டுச் சமையலறை மூலையில் வைத்த பாட்டி, அதே மூட்டைக் கிழங்கை மூன்று வாரம் நன்றாகவே சாப்பிட்டிருக்கிறார். விசாரித்தபோதுதான் தெரிந்தது.

ஆக, குற்றம் சரக்கில் இல்லை. போன வாரம் மண்டிக்கு நேரில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், ஃபிரிட்ஜ்ல வச்சிருப்பீங்கன்னு அப்பவே நினைச்சேன்" என்று சிரித்தார்.

வரும் பொங்கலுக்கு மறுபடி மூட்டை எடுக்கலாம் என்று இருக்கிறேன். வாங்கியதும் மண்ணோடு அப்படியே வையுங்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். அடிபட்டதை முதலில் தீர்த்துவிடுங்கள். பாலிதீன் பை வேண்டாம். காற்றாடும் கூடை, வெயில் படாத மூலை போதும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்க நினைக்காதீர்கள். முளை விட்டால் தொட்டியில் நடலாம். கூன்வண்டு துளைத்துக் கசப்பேறிய கிழங்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அவர் பெயரை மீண்டும் பட்டியலில் சேர்க்க அடுத்த செயற்குழுவில் நானே முன்மொழியப் போகிறேன். ஆதரித்துக் கை தூக்குங்கள்.