அம்பிலிருந்து கைப்பேசி வரை

அறியாமைக் கால அரபியர் ஆடிய சூதுக்கு ‘மைஸிர்’ என்று பெயர். கடுங்குளிர் காலத்தில், உணவுக்குப் பஞ்சம் நிலவும்போது ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுப்பார்கள். பையில் பத்து அம்புகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மற்ற மூன்றும் வெற்று அம்புகள். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைச் செலுத்த வேண்டும். வென்றவர்களோ இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமையடித்துக் கொள்வார்கள். ஆட வராதவரைக் கஞ்சன் என்று ஏசுவார்கள். ஏழைகளின் வயிற்றை நிரப்பிய அந்தச் சூதையே மார்க்கம் ஹராமாக்கியது என்பதை நிதானமாகச் சிந்தியுங்கள்.

ஏன்? அக்காலத்தில் ஒருவன் தன் குடும்பத்தையும் செல்வத்தையும் பணயம் வைத்துத் தோற்று, தன் பொருள் பிறர் கையில் இருப்பதைப் பார்த்தபடி துயரத்தோடு அமர்ந்திருப்பான். அதிலிருந்தே பகைமை பிறந்தது என்று கதாதா (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் தமது தஃப்ஸீரில் பதிவு செய்துள்ளார்கள்.

விளையாட்டை மார்க்கம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் குதிரையேறிப் போட்டியிட்டார்கள்.

நம் தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதன்று என்று 1996இல் தீர்ப்பாயிற்று. அந்தத் ‘திறமை’ என்னும் சொல்லைத்தான் கிரிக்கெட் அணி அமைத்துப் பணம் கட்டும் செயலிகள் பிற்காலத்தில் பற்றிக் கொண்டன. 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. மைஸிருக்குத் தர்மம் போர்வையானது போல இதற்குத் திறமை போர்வையாயிற்று!

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நல்லதே. ஆனால் வெளிநாடுகளிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்களுக்கு நம் சட்டம் எளிதில் எட்டுவதில்லை.

கிண்டிக்குப் போனவனை ஊரார் கண்டார்கள், வீட்டாரிடம் சொன்னார்கள். எங்கள் மஹல்லாவில் ஓர் இளைஞர், தங்கையின் நிக்காஹுக்கென்று சேர்த்த நகையை அடகு வைத்து, போர்வைக்குள் கைப்பேசியிலேயே அனைத்தையும் தோற்றார். அடுத்த அறையில் உறங்கிய தந்தைக்கு, அடகுக் கடையிலிருந்து கடிதம் வந்த அன்றுதான் செய்தி தெரிந்தது. அக்கடிதத்தை எடுத்துக் கொண்டு அஸருக்குப் பிறகு அவர் என்னிடம் வந்தார். நிக்காஹுக்கு அப்போது பதினொரு நாட்களே இருந்தன.