அடைத்த கடலும் விலக்கிய மீனும்

நல்லூரில் நீரை அடைத்துக் காக்கும் வழக்கம் பழமையானது. ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகராக அவ்வூர் விளங்கிய காலத்தின் நினைவாக யமுனா ஏரி இன்றும் அங்கே உள்ளது. யமுனை நதியின் நீரைக் கொணர்ந்து அதிற் கலந்தனர் என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அரசு போயிற்று; அரண்மனை போயிற்று; ஏரி எஞ்சி நின்றது. ஆயினும், அடைத்த நீருக்கு எக்காலத்தும் ஒரு காவல் வேண்டும். ஓடும் நீர் தன் அழுக்கைத் தானே கொண்டு செல்லும். தேங்கும் நீரின் அழுக்கை மனிதனே அகற்றுதல் வேண்டும். குளம் காத்தவர் அனைவரும் அறிந்த உண்மை இது.

நன்னீரை அடைத்தல் பழைய கலையாயின், கடலை அடைத்தல் புதிய கலை. கண்ணாடித் தொட்டியிற் கடல்நீர் நிரப்பி, உயிருள்ள முருகைக்கற்களை அடுக்கி, அவற்றினிடையே நிறம் நிறமான மீன்களை உலாவ விடும் முறை உலகெங்கும் வீடுகளிற் பரவியுள்ளது. நல்லூரில் ஒருவர் தம் விறாந்தையில் அத்தகைய தொட்டியொன்றை வைப்பாராயின், அவருக்கும் ஒருநாள் ஒரு சங்கடம் நேரும். ஒரு மீன் மற்றவற்றைக் கடித்துக் கொல்லத் தொடங்கும். அல்லது ஒரு மீன் நோயுற்று மற்றவற்றுக்கும் நோயைப் பரப்பும். அதனை வெளியே எடுத்தல் வேண்டும். ஏன் எடுக்க வேண்டும், எவ்வாறு எடுக்க வேண்டும், எடுத்த பின் எங்கே விடவேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காண உலகம் நூற்றெழுபது ஆண்டுகள் செலவிட்டது.

இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டிற் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. 1850ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்ரன் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பாத்திரத்தில் நீர்ப்பூண்டும் மீனும் நத்தையும் சேர்ந்திருந்தால், பூண்டு மீனுக்கு உயிர்வளி தரும். அழுகும் இலையை நத்தை உண்ணும். நீர் நெடுநாள் கெடாது நிற்கும் என்று அவர் காட்டினார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் றீஜன்ற் பூங்காவில் மீன்களுக்கென ஒரு காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் அக்கலையை இல்லந்தோறும் கொண்டு சென்றது. ஒரு பிராணி கண்ணிற் படாது செத்து அழுகினால் தொட்டி முழுவதும் கெடும் என்பதே அக்காலத்தவர் பட்டறிந்த முதற் பாடம். விலக்குதல் என்பது அன்று செத்ததை விலக்குதலாகவே இருந்தது.

தமிழ்நாட்டிலும் இக்கலை முன்னதாகவே கால் கொண்டது. சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தேஸ்ரன் மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களை ஆராய்ந்தவர். அவர் முயற்சியால் மெரினாக் கடற்கரையில் மீன்காட்சிச்சாலையொன்று எழுந்து, 1909ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆசியாவின் முதற் காட்சிச்சாலைகளுள் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

இத்தகைய தொட்டிகளில் மீனை எடுத்தல் பெரிய வித்தையன்று. உள்ளே மறைவிடம் குறைவு. கைவலை ஒன்று போதும். நிலைமை மாறியது 1961ஆம் ஆண்டின் பின்னரே. யாக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே கடல்நீரைத் தூயதாக வைத்திருக்கும் தம் முறையை அவ்வாண்டில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் விளக்கினார். வெறுங் கல்லன்று, நுண்ணுயிர்களும் கடற்பஞ்சுகளும் குடியிருக்கும் கல். அதுவே நீரின் கழிவை மாற்றும் தொழிற்சாலை. இன்றைய முருகைக்கல் தொட்டியின் மூலவித்து அதுவே. நீரைக் காத்த அக்கல்லே மீனுக்கு நூறு குகைகளைத் தந்தது. அன்று முதல் ஒரு மீனைப் பிடிப்பது அரிதாயிற்று. பிடிக்கவேண்டிய தேவையோ பெருகிற்று.

அத்தேவையின் காரணம் ஒன்று மீனின் இயல்பிலே உள்ளது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லொறென்சு, சினத்தைப் பற்றி 1963ஆம் ஆண்டில் எழுதிய நூலை முருகைக்கற் பாறை மீன்களைக் கொண்டே தொடங்கினார். பகட்டான நிறமுடைய மீன்கள் தம் இனத்தைச் சேர்ந்த பிறவற்றையே பெரிதும் தாக்குகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக் காக்கின்றது என்று அவர் கண்டார். கடலில் இப்போர் பெரும்பாலும் கொலையில் முடிவதில்லை. தோற்ற மீன் எல்லை கடந்து ஓடிவிடும். வென்ற மீன் தன் எல்லையில் நின்றுவிடும். கண்ணாடித் தொட்டியில் ஓடுவதற்கு இடமில்லை. நான்கடி நீளத் தொட்டி முழுவதும் ஒரு மீனின் எல்லைக்குள் அடங்கிவிடும். ஆகவே பெருவிரல் அளவேயான டாம்சல் மீன் தன்னிலும் பெரிய மீனைத் துரத்தித் துரத்திச் செட்டையைக் கிழித்துச் சாகடிக்கின்றது.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். குற்றம் மீனுடையதன்று, தப்பும் வழியை அடைத்தவருடையது. விலக்கும் கடமையும் அவரையே சாரும். ஆயினும் விலக்குமுன் வேறு வழிகளையும் அவர் பார்த்தல் தகும். கற்களை மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் அழியும். எல்லா மீன்களும் புதிதாய் இடம் தேடும்போது போர் தணிதலும் உண்டு. துன்புறுத்தும் மீனைத் துளையிட்ட பெட்டியொன்றில் அதே தொட்டிக்குள் சில நாள் சிறை வைத்தலும் உண்டு. இவை பயன்படாவிடின், காலந்தாழ்த்தல் இரக்கமாகாது. தாக்கப்படும் மீன் உணவை நெருங்க அஞ்சி ஒரு மூலையில் ஒதுங்கும் நாளிலேயே தீர்ப்புக் கூறவேண்டும்.

இரண்டாவது காரணம் நோய். உடலெங்கும் உப்புப் பரல் தூவியது போன்ற வெண்புள்ளி நோயை யப்பானிய ஆய்வாளர் சிக்காமா 1937ஆம் ஆண்டளவில் விவரித்தார். அதனை விளைக்கும் ஓரணு உயிருக்குப் பிரௌண் 1951ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பெயர் இட்டார். அவ்வுயிர் மீனின் தோலிலும் பூவிலும் சில நாள் தங்கி உண்ணும். பின் உதிர்ந்து கல்லிலும் மணலிலும் ஒட்டிக் கூடு கட்டும். கூட்டினுள்ளே நூற்றுக்கணக்காய்ப் பிரிந்து, மூன்று நாளில் அல்லது நான்கு வாரத்தில், சிலவேளை அதற்கும் பின்னர், மீண்டும் மீனைத் தேடிப் புறப்படும். பரந்த கடலில் அவற்றுட் பெரும்பாலானவை மீனைக் காணாமலே இரண்டு நாளில் மடியும். தொட்டியிலோ தேடும் தொல்லையே இல்லை.

இந்நோய்க்குச் செப்பு நல்ல மருந்து. லீற்றர் ஒன்றுக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில் அது புறப்பட்ட கிருமியைக் கொல்லும். ஆயின் அதே செப்பு முருகை உயிரையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். மீனைக் காக்கும் மருந்து மீனின் வீட்டை அழிக்கின்றது. எனவே நோயாளியை எடுத்து வேறு தொட்டியில் வைத்து மருந்திடுதலன்றி வேறு வழியில்லை. ஒரு மீனை மட்டும் எடுத்தலும் போதாது. எல்லா மீனையும் எடுத்து, ஆறு முதல் பத்து வாரம் வரை கற்றொட்டியை மீனின்றி வைத்தால், கிருமி உணவின்றி அழியும். புதிதாய் வாங்கும் மீனை முன்னரே சில வாரம் தனித்து வைத்திருப்போர் இத்துன்பத்தை அறியார்.

இனி, எடுக்கும் முறை. கைவலையுடன் துரத்துவோர் பெரும்பாலும் தோற்பர். மீன் கல்லிடுக்கிற் புகும். வலை முருகைக் கிளையை முறிக்கும். துரத்தப்பட்ட மற்ற மீன்கள் மூச்சுத் திணறும். கிளாத்தி மீனோ முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தி இடுக்கிற் பூட்டிக்கொள்ளும். அதன் பின்னுள்ள சிறுமுள்ளைத் தாழ்த்தினாலன்றி அப்பூட்டுத் திறவாது; இழுத்தால் மீன் கிழியும். அதனைக் கல்லோடு தூக்கி எடுப்பதே தகும். சில மீன்களை விளக்கணைந்த பின், உறங்குமிடம் அறிந்து, மெல்ல அள்ளலாம். நீரை இறைத்து அரையடிக்குக் குறைத்துப் பிடித்தலும் உண்டு. அது கடைசி வழி.

இவற்றினும் சிறந்தது பொறி. இப்பாடத்தை மேனாட்டு நூல்களில் தேடவேண்டியதில்லை. நல்லூருக்குத் தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரியிற் களங்கட்டி நாட்டும் தொழிலாளர் மீனைத் துரத்துவதில்லை. நாட்டிய தடிகளும் வலையும் மீனின் வழியை மெல்லத் திருப்பும். மீன் தானே நடந்து அறைக்குட் புகும். மன்னார் வளைகுடாவின் கற்பாறைகளில் மரக்குச்சியாலும் பனைநாராலும் பின்னிய கூடுகளை இறக்குவோரின் முறையும் அஃதே. கூட்டின் வாய் வெளியே அகன்று உள்ளே ஒடுங்கும். புகுந்த மீன் சுவரோடு சுற்றுமேயன்றி, நடுவில் நீண்டிருக்கும் ஒடுங்கிய வாயைத் தேடாது. முத்துச்சிப்பி ஆய்வுக்காக 1902ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னை மாகாணத்தின் மீன்பிடித் திணைக்களத்தை நடத்திய ஜேம்ஸ் ஹோர்னெல், சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை 1925ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வாக வெளியிட்டார்.

இன்று கடைகளில் விற்கும் கண்ணாடிப் பொறி அக்கூட்டின் தம்பியே. அதனைக் கையாள்வதற்கும் அத்தொழிலாளரின் பொறுமையே வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் பொறியின் கதவைத் திறந்தே வைத்து, உணவை அதனுள்ளே மட்டும் இடல் வேண்டும். வல்ல மீன் பெரும்பாலும் பேராசையுடையது. அதுவே முதலில் நுழையும். வேண்டாத மீன் புகும்போது கதவை மூடாதிருத்தல் வேண்டும். ஒருமுறை தவறி மூடித் திறந்தால் அம்மீன் பல நாள் அணுகாது.

கடைசிக் கேள்வி, எடுத்த மீனை எங்கே விடுவது என்பது. கடல் அருகேயிருக்கக் கடலில் விடுவதே அறம் என்று தோன்றும். உலகம் இதிலேதான் பெரும்பிழை செய்தது. இலங்கைக் கடலில் அளவாய் வாழும் சிங்கமீனின் இனம், 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையிற் காணப்பட்டது. வளர்த்தவர்கள் விடுத்த மீன்களே அதன் மூலம் என்று ஆய்வாளர் கருதுவர். பின்னர் அது கரிபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று பெருகிற்று. அலங்கார மீனாக இலங்கைக்கு வந்த கத்திவால் மீனொன்றும் கொழும்பைச் சூழ்ந்த நீர்நிலைகளில் இன்று அந்நிய இனமாய்ப் பெருகியுள்ளது. நோயுற்ற மீனை விடுதலோ கிருமியைக் கடலில் விடுதலாகும். உள்ளூர்க் கடலிற் பிறந்த மீனாயினும், தொட்டியிற் பிற நாட்டு மீன்களோடு வாழ்ந்த பின் அது பழைய மீனன்று.

ஆகவே விலக்கிய மீனுக்குத் தனித்தொட்டி ஒன்று வேண்டும். அல்லது விற்றவரிடமோ, அதனைத் தனியே வளர்க்க வல்லவரிடமோ அது சேர்தல் வேண்டும். பிழைக்காத மீனை வேதனையின்றி முடித்துப் புதைத்தலும் வளர்த்தவர் கடனே. கடலிலும், கேணியிலும், யமுனா ஏரியிலும் விடுதல் ஆகாது. தொட்டியில் மீனை விட நினைப்பவர், அதனை ஒருநாள் எடுக்க நேர்ந்தால் எங்கே வைப்பது என்பதற்கு விடை கண்ட பின்னரே கண்ணாடியில் நீர் வார்த்தல் வேண்டும்.