அரிசியும் ஆட்சியும்: 1953 ஆகஸ்ட் ஹர்த்தால் பற்றிய ஒரு மறுநோக்கு

இலங்கைத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் 1948, 1949, 1956, 1958 ஆகிய ஆண்டுகளைத் தவறாது குறிப்பிடுவர். பிரசாவுரிமைச் சட்டம், தமிழரசுக் கட்சியின் தோற்றம், தனிச் சிங்களச் சட்டம், இனக் கலவரம் என அவ்வரலாறு ஒரே கோட்டிற் செல்லும். அக்கோட்டில் 1953 பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அது தெற்கின் விவகாரமாகக் கருதப்பட்டு விடப்படுகிறது. மறுபுறத்தில், இடதுசாரி இயக்கத்தின் நினைவில் 1953 ஆகஸ்ட் 12 ஒரு வீரத் திருநாள். ஆயின் அன்று யார் வீதிக்கு வந்தனர் என்பதை விரிவாகக் கூறும் அந்நினைவு, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்னும் வினாவை அதே ஊக்கத்துடன் எழுப்பியதில்லை.

இவ்விரு மௌனங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆட்சியாளர் மீது மக்கள் கொள்ளும் வெறுப்பு தன்னளவில் ஓர் அரசியற் சக்தி. ஆனால் அது எத்திசையிற் செல்லும் என்பதை அவ்வெறுப்பே தீர்மானிப்பதில்லை. 1953இல் அரிசிக்காக எழுந்த கோபம் மூன்று ஆண்டுகளுள் மொழியின் பெயரால் அணிதிரட்டப்பட்டமை எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ளாது, இந்நாட்டின் பின்னைய வரலாற்றை விளங்கிக்கொள்வது அரிது.

1

1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் இலங்கையின் பொருளாதாரம் தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று ஏற்றுமதிப் பயிர்களில் தங்கியிருந்தது. ஏற்றுமதி வருமானத்தின் மிகப் பெரும் பகுதி இவற்றினின்றே கிடைத்தது. மக்கள் உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது கடல் கடந்து வந்தது. நல்ல நிலத்தைத் தோட்டத் துரைமாருக்கு வழங்கிவிட்டு, உணவைப் பிற நாடுகளிற் கொள்வனவு செய்யும் இவ்வமைப்புக் குடியேற்றவாதம் உருவாக்கியதாகும். 1948இல் ஆட்சி கைமாறியபோது அமைப்பு மாறவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆரம்பிக்கப்பட்ட பங்கீட்டு முறையும் அரிசி மானியமும் இப்பொருளாதாரத்தில் ஒரு சலுகையாக அன்றி, கூலியின் ஒரு பகுதியாகவே இயங்கின. அரிசி மலிவாகக் கிடைத்தமையாற்றான் தொழில் கொள்வோர் கூலியைக் குறைந்த மட்டத்தில் வைத்திருத்தல் இயன்றது. சர்வசன வாக்குரிமை 1931 முதல் நடைமுறையிலிருந்த நாட்டில், கூப்பன் அரிசி ஆட்சிக்கும் குடிமக்களுக்கும் இடையிலான ஓர் எழுதப்படாத உடன்படிக்கை எனின் மிகையாகாது.

கொரிய யுத்தத்தினால் 1950–51இல் இறப்பர் விலை உயர்ந்தது. அந்நியச் செலாவணி குவிந்தது. யுத்தக் கொள்வனவு தணிந்ததும் ஏற்றுமதி விலைகள் சரிந்தன. இறக்குமதி அரிசியின் விலையோ உயர்ந்தே நின்றது. சீனாவுடன் 1952 டிசம்பரிற் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் இந்நெருக்கடியின் விளைவே. கம்யூனிச எதிர்ப்பையே வெளிநாட்டுக் கொள்கையாகக் கொண்டிருந்த ஓர் அரசு, அமெரிக்காவின் விருப்பமின்மையையும் பொருட்படுத்தாது சீனாவிடம் செல்ல நேர்ந்தமை, பொருளியல் நிர்ப்பந்தத்தின் வலிமைக்கு எடுத்துக்காட்டாகும். இதே காலத்தில் இலங்கைக்கு வந்த உலக வங்கித் தூதுக்குழு, 1952இல் வெளியான தன் அறிக்கையில், உணவு மானியத்தைக் குறைக்குமாறு ஆலோசனை கூறியது.

2

1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க காலமானதும் அவர் மகன் டட்லி சேனநாயக்க பிரதமரானார். அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி, ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே தொடர்ந்து வழங்கப்படும் என்று வாக்குறுதியளித்து வென்றது. ஓராண்டு சற்றே கடந்தது. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் வரவு செலவுத் திட்டம் ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. தபால், புகையிரதக் கட்டணங்கள் உயர்ந்தன.

விலையேற்றம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது மட்டுமன்று இங்கு கவனிக்கத்தக்கது. நெருக்கடியின் சுமையை யார் தாங்குவது என்ற வினாவுக்கு ஆளும் வர்க்கம் அளித்த விடை அது. தோட்டக் கம்பனிகளின் இலாபத்திலோ பெருநில உடைமையிலோ கைவைக்காது, உழைப்போனின் சோற்றிலும் அவன் பிள்ளையின் மதிய உணவிலும் கைவைப்பது இலகுவானதென அது கருதியது. வாக்குறுதி மீறப்பட்டமை மக்களின் கோபத்தைத் தூண்டிற்று. ஆனால் அக்கோபத்துக்கு அடிப்படை இவ்வர்க்கத் தெரிவேயாகும்.

லங்கா சமசமாஜக் கட்சியும், கம்யூனிஸ்ட் கட்சியும் பிலிப் குணவர்த்தனவின் புரட்சிகர சமசமாஜக் கட்சியும் இணைந்திருந்த ஐக்கிய முன்னணியும் ஆகஸ்ட் 12ஆந் திகதி ஒரு நாள் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தன. தமிழரசுக் கட்சி ஆதரவு நல்கியது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி அனுதாபம் தெரிவித்து ஒதுங்கி நின்றது. போராடாத கட்சியே பின்னர் அறுவடை செய்தது என்பதை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

அன்று நிகழ்ந்தது தலைவர்கள் எதிர்பார்த்ததையும் விஞ்சியது. கொழும்பிலும் மேற்கு, தெற்குக் கரையோரங்களிலும் மக்கள் தாமாகவே முன்வந்தனர். மகரகம, பொரலஸ்கமுவ, எகொட உயன, வஸ்கடுவ, ஹிக்கடுவ, ராகம முதலிய இடங்களில் மரங்கள் வீழ்த்தப்பட்டு வீதிகள் மறிக்கப்பட்டன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. தொழிலாளியோடு கிராமத்து விவசாயியும், மீனவரும், சிறுகடைக்காரரும் நின்றனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்தாண்டுகள் கடந்த ஒரு நாட்டின் அமைச்சர்கள், தம் மக்களுக்கு அஞ்சிப் பழைய எசமானின் கப்பலிற் புகலடைந்தமை, அச்சுதந்திரத்தின் தன்மையை எந்த அரசியற் பிரசுரத்தினும் தெளிவாக விளக்கிவிட்டது. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. துப்பாக்கிச் சூட்டிற் பலர் உயிரிழந்தனர். ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். அரிசி விலை ஓரளவு குறைக்கப்பட்டது.

3

இவ்வளவும் நன்கு அறியப்பட்டவை. இனி, வராதவர்களை நோக்குவோம்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000 பேர். அவர்களுட் பெரும்பாலானோர் தோட்டத் தொழிலாளர். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் படை அதுவே; ஏற்றுமதி வருமானம் அவர்களின் கைகளினின்றே பிறந்தது. வயல் நிலமோ வீட்டுத் தோட்டமோ இல்லாத அவர்கள் அரிசியை முற்றாக விலைக்கே பெற்றவர்கள். எனவே, கிராமத்து விவசாயியினும் கடுமையாக 70 சத அரிசி தாக்கியது அவர்களைத்தான். அவ்வாறாயின், மலையகத்தின் தோட்டங்கள் ஆகஸ்ட் 12இல் ஓர் அமைப்பு ரீதியான சக்தியாக எழாதது ஏன்?

விடை 1953இல் இல்லை, 1948இல் உள்ளது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குப் பயன்பட்டன. ஐக்கிய தேசியக் கட்சி இதன் பொருளை நன்கு உணர்ந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949இன் சட்டங்களும் தொழிலாளர் வர்க்கத்தின் ஒரு பெரும் பகுதியை அரசியற் களத்தினின்றும் அகற்றின. தலவாக்கலையைப் பிரதிநிதித்துவப்படுத்திய கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோருக்கு 1952இன் பாராளுமன்றத்தில் இடமில்லை. அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களுக்கு வாக்கில்லை. அவ்வாண்டில் நடைபெற்ற சத்தியாக்கிரகமும் அந்நிலையை மாற்றவில்லை. பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து, அதிகாரியின் முன் தன் வதிவிடத்தை நிரூபிக்கக் காத்திருக்கும் ஒருவனிடம் தண்டவாளத்தைக் கழற்ற வருமாறு கூறுவது எளிதன்று. தொழிற்சங்கத் தலைமையின் தயக்கமும் இந்நிலைமையினின்றே நோக்கப்படல் வேண்டும்.

இடதுசாரிக் கட்சிகள் 1948இற் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்தன என்பது அவற்றின் வரலாற்றில் மதிக்கத்தக்க பக்கமாகும். ஆயினும், பாராளுமன்றத்தில் எதிர்த்தமை வேறு. அச்சட்டத்தை ஒழிப்பதைச் சிங்களத் தொழிலாளியின் சொந்தக் கோரிக்கையாக்குதல் வேறு. அரிசி விலைக்காக ஹர்த்தால் நிகழ்ந்தது; பிரசாவுரிமைக்காக ஒரு ஹர்த்தாலும் நிகழவில்லை. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் ஜி. ஜி. பொன்னம்பலமோ அப்போது அதே அமைச்சரவையில் அமைச்சராக வீற்றிருந்தார். தமிழ் உயர் குழாத்தின் நலன் எங்கிருந்தது, மலையகத் தமிழ் உழைப்பாளியின் நலன் எங்கிருந்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. தமிழ்த் தேசிய வரலாற்றெழுத்து 1953ஐ எளிதிற் கடந்து செல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்: அவ்வாண்டைக் கூர்ந்து நோக்கின், இன அடிப்படையில் மட்டும் நின்று விளக்க முடியாத ஒரு பிளவு புலப்பட்டுவிடும்.

4

ஹர்த்தாலின் தலைவர்கள் அதனை ஒரு நாளுடன் முடித்துக்கொண்டனர். ஆட்சி ஆட்டங்கண்ட வேளையில், அடுத்த படி யாது என்ற திட்டம் அவர்களிடம் இருக்கவில்லை. எழுந்த மக்கள் வீடு திரும்பினர்; கோபம் திரும்பவில்லை. அக்கோபத்துக்கு 1956இல் வேறொரு வடிவம் அளிக்கப்பட்டது.

பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி சங்க, வெத, குரு, கொவி, கம்கறு என ஐம்பெருஞ் சக்திகளை வரிசைப்படுத்தியது. பிக்கு, சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்பது அவ்வரிசை. 1953இல் வீதியின் முன்னணியில் நின்ற தொழிலாளியும் விவசாயியும் 1956இன் சுலோகத்தில் இறுதியில் நின்றனர். இது சொல்லடுக்கின் வசதி மட்டுமன்று. தலைமை கைமாறியதன் அடையாளமுமாகும். ஆங்கிலங் கற்ற உயர் வர்க்கத்தின்மீது கிராமத்து இடைநிலையினர் கொண்ட நியாயமான வெறுப்பு, தமிழர் மீதான ஐயமாக உருமாற்றப்பட்டது. ஐக்கிய தேசியக் கட்சி எட்டு இடங்களாகச் சுருங்கியது. உணவுக்காக அக்கட்சியைத் தண்டித்த மக்களுக்கு யூன் மாதத்திற் கிடைத்தது தனிச் சிங்களச் சட்டம். 1953இல் ஹர்த்தாலை ஆதரித்த தமிழரசுக் கட்சி இப்போது காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்து தாக்கப்பட்டது.

அதே 1956இல் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் வேட்பாளர் பொ. கந்தையாவைத் தெரிவு செய்தது என்பது நினைவுகூரத்தக்கது. 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், உழைக்கும் மக்களை இலக்கியத்தின் மையத்துக்குக் கொணரும் பணியில் அக்காலத்தே இறங்கியிருந்தது. வேறொரு பாதைக்கான சாத்தியம் வடக்கிலும் முற்றாக அடைபட்டிருக்கவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

5

ஹர்த்தாலின் பின் அரிசி எந்த ஆட்சிக்கும் அச்சந் தரும் பொருளாயிற்று. 1962இற் பங்கீட்டைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. 1966இல் டட்லி சேனநாயக்க இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தபோது, அதனை இலவசமாக்கியே செய்தார். 1970இல் ஐக்கிய முன்னணி இழந்த கொத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி வென்றது. 1953இன் தலைவர்களான என். எம். பெரேரா நிதியமைச்சராகவும் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராகவும் வீற்றிருந்த அவ்வரசின் காலத்திலேயே, 1973–74இன் உணவு நெருக்கடியில், தோட்டப் புறங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஹர்த்தாலில் இல்லாதோர், ஹர்த்தாற் தலைவர்களின் ஆட்சியிலும் கணக்கில் இல்லாதோராயினர்.

1953இன் நிதியமைச்சர் தன் பாடத்தை நன்கு கற்றிருந்தார். 1977இன் பின் அதிகாரம் பெற்ற ஜயவர்த்தன பங்கீட்டை முதலில் வறியோருக்கு மட்டுப்படுத்தி, 1979இல் உணவு முத்திரையாக மாற்றினார். நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதி பதவி இதற்கு அரணாக நின்றது. 1980 யூலையில் வேலைநிறுத்தஞ் செய்தோருள் ஏறத்தாழ 40,000 பேர் தொழிலிழந்தனர். போர்க்கப்பல் இனித் தேவைப்படவில்லை.

2022இன் நிகழ்வுகள் இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கப்பட வேண்டியவை. 2019இன் வரிக்குறைப்பும், 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து அதே ஆண்டிற் கைவிட்டமையும், அரசின் கொள்கையால் உழைப்போர் எய்திய இழப்புகள். 2022 யூலையில் சனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். அவ்வாண்டு மே 18இல் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டமை 1953இற் காணாத புதுமை. எனினும் அதனை ஒரு தொடக்கமாக மட்டுமே கொள்ளலாம். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் ஆண்டுக்கணக்கில் வடக்கிலும் கிழக்கிலும் வீதியில் அமர்ந்திருந்தபோது தெற்கு எழவில்லை என்ற நினைவு, அங்கு பலரைத் தயங்க வைத்தது. சனாதிபதி சென்றார், அவர் இடத்துக்குப் பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிந்தது, சர்வதேச நாணய நிதியத்துடனான ஏற்பாடு 2023இல் நடைமுறைக்கு வந்தது, 2024இல் ஆட்சி மாறிய பின்னரும் அது தொடர்ந்தது. 1952இன் உலக வங்கி அறிக்கையின் குரல் இதில் ஒலிக்கக் கேட்பது கடினமன்று.

ஆட்சியாளரின் முகத்தை வெறுப்பது இலகு. அவர்தம் கொள்கைக்கு அடியில் உள்ள வர்க்க நலனை இனங்காண்பது கடினம். அதனினும் கடினமானது, தன்னைப் போலவே பசித்திருக்கும் ஆனால் வேற்று மொழி பேசும் ஒருவனின் உரிமையைத் தன் உரிமையாகக் கொள்வது. 1953 முதலாவதைச் சாதித்தது, இரண்டாவதை அணுகியது, மூன்றாவதில் தோற்றது. அத்தோல்வியின் விலையை இந்நாட்டின் எல்லா இன மக்களும் கொடுத்துள்ளனர். தமிழ் ஆய்வாளர் அவ்வாண்டைப் பிறர் வரலாறு என ஒதுக்குவதும், இடதுசாரிகள் அதனைக் குறையற்ற வெற்றியெனக் கொண்டாடுவதும் அவ்விலையை மீண்டும் கொடுக்க ஆயத்தஞ் செய்வதேயாகும்.