அக்குறணைக்கு இரண்டு ஆசனம் இருந்த காலம்



வட்டார எல்லைகளைப் பற்றிப் பேசும் நாம், அக்குறணையின் பழைய கதையை மறந்துவிட்டோம்.

1959 எல்லை நிர்ணயத்தில் அக்குறணை இரட்டை அங்கத்தவர் தொகுதியானது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்; இரண்டையும் ஒருவருக்கே போடலாம். சிறுபான்மையினர் ஒன்றுபட்டால் ஓர் ஆசனத்தை வெல்லலாம். 1960இல் ஏ.சி.எஸ். ஹமீத் அவர்கள் அங்கிருந்துதான் பாராளுமன்றம் சென்றார். 1977இல் எல்லை மாறி, ஹாரிஸ்பத்துவ இரட்டைத் தொகுதியில் வென்று வெளிநாட்டமைச்சரானார்.

உள்ளூராட்சித் தேர்தலில் 2018 பெப்ரவரி 10இல் கலப்பு முறை வந்தது: 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். பல அங்கத்தவர் வட்டாரங்களும் உண்டு. ஆனால் அன்று போலல்ல; வாக்கு ஒன்றே, வட்டாரத்தில் முந்தும் கட்சிக்கே அத்தனை ஆசனமும். அன்று நம் பிரதிநிதியை நம் வாக்கே தீர்மானித்தது. இன்று முதலில் எல்லைக்கோடும், பிறகு கட்சியின் வேட்புமனுவும் தீர்மானிக்கின்றன.

ஆகவே அடுத்த எல்லை நிர்ணயத்துக்குக் கருத்துக் கேட்கும்போது தூங்கிவிடாதிருப்போம். ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவின் வாக்காளர் தொகையையும் வரைபடத்தையும் இப்போதே திரட்டுவோம். பக்கத்து ஊர்ச் சிங்கள, தமிழ் சகோதரர்களையும் அழைத்துப் பேசுவோம். வர்த்தமானி வந்தபின் புலம்பிப் பயனில்லை.