தொழில்நுட்ப முக்குளிப்பு: பயிற்சியும் பாதுகாப்பும்

தொழில்நுட்ப முக்குளிப்பு என்பது பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு வகுத்துள்ள 40 மீட்டர் எல்லைக்குக் கீழோ, நினைத்தவுடன் நேராக மேலே வர முடியாத இடத்திலோ நடக்கும் ஸ்கூபா முக்குளிப்பு. குகைகளும் மூழ்கிய கப்பல்களின் உட்புறமும் இதில் அடங்கும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தப் பெயர் வழக்குக்கு வந்தது. இன்னொருவரை நம்பி ஆழத்துக்குப் போகும் ஒழுங்கோ மன்னார் வளைகுடாவில் மிகப் பழையது.

அங்கே முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி இறங்குவார். தரை தட்டியதும் படகிலிருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். குளியாளி ஏறக்குறைய ஒரு நிமிடம் சிப்பி பொறுக்கிவிட்டு இன்னொரு கயிற்றை அசைத்தால் படகிலிருப்பவர் தூக்கிவிடுவார். கயிறு பிடிப்பவர் கண்ணயர்ந்தால் கீழே இருப்பவர் பாடு திண்டாட்டம். மந்திரம் ஓதிச் சுறாவைக் கட்டும் ‘கடல்கட்டி’ வராமல் குளியாளிகள் இறங்க மாட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று எழுதிய பிரிட்டிஷ் அதிகாரிகளே அவருக்குக் கூலியும் கொடுத்தார்கள். தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது.

மூச்சடக்கி இறங்கியவர்களை அதிகம் தொடாத ஆபத்து ஒன்று காற்றுக்கருவியோடு வந்தது. அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடலில் கரைந்து, வேகமாக ஏறினால் குமிழிகளாகும் என்று பிரான்சின் பால் பெர் 1878இல் விளக்கினார். ஆடுகளைக் கொண்டு சோதித்து, நின்று நின்று ஏறுவதற்கான அட்டவணையை உடலியலாளர் ஹால்டேன் குழுவினர் 1908இல் வெளியிட்டனர். கூஸ்தோவும் காஞானும் 1943இல் செய்த ஸ்கூபா கருவி கடலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அட்டவணை அந்த வேகத்தில் பரவவில்லை. இலங்கையின் கற்பிட்டிப் பக்கம் கடலட்டைக்காகச் சிலிண்டருடன் ஒரே நாளில் பலமுறை இறங்குவோர் பக்கவாதம் வரை பாதிக்கப்பட்டதற்குக் காரணம் துணிச்சல் அல்ல, பயிற்சியின்மை.

இன்றைய பயிற்சியின் அடித்தளம் குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி 1979இல் எழுதிய சிறு நூல். புளோரிடாக் குகைச் சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எந்த வழக்கம் தவறியது என்று அவர் கேட்டார். வெளிவாசல் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு இல்லாமை, காற்றைப் பங்கிடாமை, அளவுமீறிய ஆழம் ஆகிய மூன்றே திரும்பத் திரும்ப வந்தன. மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு இருப்பு என்ற விதி அங்கிருந்து பரவியது: 210 பார் சிலிண்டர் 140 காட்டினால் திரும்பியாக வேண்டும். எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் ஸகடோன் நீர்க்குழியில் ஆழச் சாதனை முயற்சியில் இறந்தார்.

தமிழர் வாழும் கரைகளில் இந்தப் பயிற்சிக்குத் தக்க இடம் மட்டக்களப்புக் கடல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி ‘ஹெர்மிஸ்’ அங்கே சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சாதாரணக் காற்றோடு அரைமணி அங்கே தங்கினால், ஏறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தைக் குறைக்கத் தூய ஆக்சிஜன் சிலிண்டரும் கொண்டுபோவதுண்டு. அதை 6 மீட்டருக்குக் கீழே சுவாசிக்கலாகாது. ஆழத்தில் தவறி வாயில் வைத்தால் வலிப்பு வந்து, வாயில் பற்றிச் சுவாசிக்கும் ரெகுலேட்டர் நழுவும், மூழ்க நேரும். ஆகவே சிலிண்டரின் பக்கத்தில் ‘6’ என்று பெரிதாக எழுதியிருக்கும். சிலிண்டர் மாற்றும்போது முக்குளிப்பவர் ஆழமானியைப் பார்த்து, குழாயைச் சிலிண்டர் வரை விரலால் தடவிச் சரிபார்க்கிறார். துணைவர் எழுத்தைப் படித்துத் தலையசைத்த பிறகே ரெகுலேட்டர் வாய்க்குப் போகும். கட்டைவிரலை மேலே காட்டினால் ‘போதும், ஏறுவோம்’ என்று பொருள். யாரும் எப்போதும் காட்டலாம். காரணம் கேட்பது படகில்தான்.